நேசன் நடந்த ஐந்து கிழமைகள்

1

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அச்சுக்கடைக்கு, போன மாசம் ஒரு வியாழக்கிழமை, இருபது வருசத்துக்கு முன்னர் நான் கீறிய படம் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. இந்தக் கடையில் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தார். கல்யாண அழைப்பிதழும் கோயில் பதாகையும் கருமக்கிரியை அறிவித்தலும் செய்கிற சின்னக் கடை. நான் கணினிக்கு முன்னால் இருந்தேன்.

"அண்ணை, நீங்கள் எங்கட பக்கமோ?"

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ."

அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்தார். லெமினேட் பண்ணிய பத்திரிகைத் துண்டுகள் ஆறு. ஒவ்வொன்றிலும் நாலு கட்டம். மேலே தலைப்பு: நேசன் நடக்கிறான்.

"இவன் என்ர தம்பி. சிவநேசன். வீடு எரிஞ்சதோட ஒரு போட்டோவும் மிச்சமில்லை. இதில இருந்து முகத்தை எடுத்துப் பெருப்பிச்சுத் தருவியளோ? கொம்பியூட்டரில இப்ப உயிருள்ள ஆள் மாதிரியே செய்யலாமெண்டு சொல்லுகினம்."

கடைசித் துண்டின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். பொய்க்கால் போட்ட ஒருவன் தோளில் பையோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகிறான். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது.

"இதுதான் கடைசியாக் கண்டது. காணாமப்போன ஆக்களுக்கு நிரப்புற போரத்தில 'கடைசியாகக் காணப்பட்ட இடம்' எண்டு ஒரு கோடு இருக்கெல்லோ. ஒவ்வொரு முறையும் 'ஆஸ்பத்திரி வாசல்' எண்டுதான் எழுதினனாங்கள். சாட்சிக்கு இந்தப் படத்தின்ர கொப்பியும் குடுத்தம்."

பின்னாலிருந்து முதலாளி குணா அண்ணே குரல் கொடுத்தார்.

"என்னாங்க அப்படியே நின்னுட்டீங்க? அவங்க வெயிட் பண்றாங்க லா."

கோப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மேருவுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். அவர் பெயர் பவளராணி. நன்றி சொல்லிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பிவந்து, "அந்தப் பல்லை மட்டும் மாத்திப்போடாதேங்கோ அண்ணை. அதுதான் அவன்" என்றார்.

2

ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு அந்தப் பத்திரிகை நினைவிருக்கலாம். வன்னிக்குள் வெள்ளைத் தாள் வராத நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சடித்தோம். நான் கீறிய முகங்களுக்குக் குறுக்காக நீலக்கோடு ஓடும். கேலிச்சித்திரம், விளம்பரம், மரண அறிவித்தலுக்குப் பூ என்று கேட்டதெல்லாம் கீறிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆசிரியர் கூப்பிட்டார். "ஞாயிறு பேப்பருக்கு ஒரு படத்தொடர் வேணும். காயப்பட்ட பெடியன் ஒருத்தன். கிழமைக்குக் கிழமை தேறிக்கொண்டு வாறான். கடைசியில எழும்பி நடக்கிறான். அழுகை வேண்டாம். சனம் பாவம்."

அவர் கெட்ட மனிசன் இல்லை. அவருடைய மகனும் அந்த நேரம் ஏதோவொரு காவலரணில் இருந்தான்.

காயப்பட்டவர்களை வைத்திருந்தது ஆஸ்பத்திரியாக மாற்றிய ஒரு பள்ளிக்கூடத்தில். தகரக் கூரை. வகுப்பறைக்குப் பன்னிரண்டு கட்டில். கரும்பலகையில் மருந்துக் கணக்கு எழுதியிருக்கும். உள்ளே போனவுடன் சீழ் மணம் மூக்கில் அடிக்கும். பத்து நிமிசத்தில் பழகிவிடும். வெளியே வந்த பிறகுதான் சட்டையில் இருப்பது தெரியும். அங்கேதான் நேசனைக் கண்டேன். இருபத்தொரு வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வலது கை எரிந்து கட்டுப்போட்டிருந்தது. கீறுவதற்கு நீயே சரியான ஆள் என்று சொன்னபோது கூச்சப்பட்டான்.

"கீறுங்கோ அண்ணை. ஆனா இயக்கப் பேர் போடாதேங்கோ. வீட்டுப் பேர் போடுங்கோ. அம்மாவுக்கு மற்றப் பேர் தெரியாது. பேப்பர் எப்பிடியும் ஊருக்குப் போகும்தானே, கண்டால் அறிஞ்சு கொள்ளுவா."

அவனுடைய குடும்பம் பாதை பூட்டியிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கம் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல நான்தான் ஒரு கடிதமும் எழுதினேன். 'அக்கா, என்னைப் பேப்பரில கீறுகினம், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எப்பிடியாவது எடுத்துப் பாருங்கோ' என்று. அந்தப் பக்கம் போன ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டோம். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததென்பது போன மாசம்தான் எனக்குத் தெரியவந்தது.

ஒவ்வொரு செவ்வாயும் போய் அவன் பக்கத்தில் இருப்பேன். ஒருநாள், "இல்லாத கால் கடிக்குது அண்ணை, சொறிஞ்சு விடுங்கோ" என்றான். பகிடியென்று நினைத்தேன். அவன் கண்ணில் தண்ணீர். கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பைச் சொறிந்தேன். "ம்... இன்னும் கொஞ்சம் கீழ... அதிலதான்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அதை அப்படியே நாலு கட்டத்தில் கீறிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கீறிய நல்ல படம் அதுவாகத்தான் இருக்கும். ஆசிரியர் கனநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சனத்துக்கு விளங்காது. வேற ஏதாவது கீறு." அந்த ஞாயிறு நேசன் கட்டிலில் இருந்தபடி பந்து எறிந்து விளையாடினான்.

இப்படித்தான் என் நேசன் வேகமாகத் தேறினான். மருந்து கட்டும்போது கத்தவில்லை. நாலாவது கிழமை தடி பிடித்தான். வார்டில் எல்லோரும் பேப்பரைக் கைமாற்றிப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இரண்டு காலும் இல்லாத ஒருவர் இருந்தார். அவர் என்னிடம் ஒருமுறை, "உங்கட நேசன் நல்ல கெதியா எழும்புறான் தம்பி. எங்களுக்குத்தான் ஏலாமக் கிடக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தங்களில்தான் ஏதோ பிழை என்பது போலச் சொன்னார்.

ஐந்தாவது கிழமை கடதாசி நேசன் தடியில்லாமல் ஒரு நிமிசம் நின்றான். அந்தப் படம் வந்த பிறகு நான் போனபோது, கட்டிலில் கிடந்த நேசனின் கால்கட்டில் புது இரத்தம். தாதி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

"எழும்பி நிக்கப் பாத்து விழுந்திட்டார். சொன்னாக் கேட்டாத்தானே."

நேசன் சிரித்தான். "உங்கட ஆள் நிண்டிட்டான். நான் மட்டும் படுத்திருக்க ஏலுமே அண்ணை?"

3

ஆறாவது படம் வெளிவந்த பிறகு நான் போன செவ்வாயில் அந்தக் கட்டிலில் வேறொருவன் கிடந்தான்.

காயம் அழுகி, காய்ச்சல் ஏறி, வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டதாம். மருந்து இருந்திருந்தால் தப்பியிருப்பான் என்றார் தாதி. விழுந்ததால்தான் என்று அவர் சொல்லவில்லை. வைத்தியரும் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆசிரியரிடம் வந்து, தொடரை நிற்பாட்டுவோம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தினை பேர் அந்தப் பெடியன் எழும்புவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம் தெரியுமே? இப்ப நிப்பாட்டினால் என்ன அர்த்தம்? நடக்க வை. நடக்க வைச்சிட்டு முடி."

நடக்க வைத்தேன். ஐந்து கிழமை. பொய்க்கால் அளவெடுத்தார்கள். மாட்டினார்கள். தாதியோடு பகிடி விட்டான். வார்டுக் குழந்தைக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தான். பதினோராவது படத்தில் வாசலைத் தாண்டிப் போனான். பழைய படங்களில் இருந்த முகத்தைக் கார்பன் வைத்து எடுத்துப் புதுக் கட்டங்களில் ஒட்டினேன். ஒருநாளும் ஒரு கோடும் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அவனுக்கொரு அக்கா இருக்கிறா என்பது எனக்குத் தெரியும். கடிதம் எழுதிய கை என் கை. இயக்கம் அறிவிக்கும், யாராவது சொல்லுவார்கள் என்று இருந்துவிட்டேன். இயக்கத்தின் பட்டியலில் அவனுக்கு வேறு பெயர். பாதை பூட்டியிருந்தது. பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்து, பட்டியலும் இல்லை, பத்திரிகையும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

4

நான் குடும்பத்தோடு இங்கே வந்து பதினாலு வருசம். கிள்ளானில் ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. காலையில் கொமுட்டர் ரயில், மாலையில் கொமுட்டர் ரயில். அகதி அட்டையைப் புதுப்பிக்கும் நாள் கிட்டினால் மனைவி சாந்திக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

வந்த புதிதில் எங்கள் தமிழே எனக்கு எதிராக நின்றது. குணா அண்ணேயிடம் "படம் கீறித் தாறன்" என்றேன். படத்தைக் கிழித்துவிடுவேன் என்று பயந்து பறித்துக்கொண்டார். அவர் ஒருநாள் "நாளைக்கு உங்ககிட்ட பேசணும்" என்றார். எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. என்ன பிழை விட்டேனோ என்று அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. மறுநாள் சம்பளம் கூட்டித் தந்தார்.

மகள் மதுராவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூன்று வயதில் வந்தவள். இப்போது பதினேழு. வீட்டில் நான் யாழ்ப்பாணத் தமிழில் கேட்பேன், அவள் கிள்ளான் தமிழில் பதில் சொல்லுவாள், தோழிகளோடு மலாய். அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லை. எங்கள் ஆட்கள் நடத்தும் சின்ன வகுப்பில்தான் படித்தாள். கைபேசியில் விரலால் சித்திரக்கதை வரைந்து எங்கேயோ போடுகிறாள், முன்பின் தெரியாதவர்கள் வாசிக்கிறார்கள். நான் பத்திரிகையில் கீறியவன் என்பது அவளுக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. என் அகதிக் கோப்பில் தொழில் என்ற இடத்தில் 'சுவரில் பெயர்ப்பலகை எழுதுபவர்' என்றுதான் இருக்கிறது. அந்த வேலையும் செய்தவன்தான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொன்னால் எத்தனை கேள்வி வருமோ என்ற பயத்தில் மற்றதை விட்டுவிட்டேன். மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவது பற்றிய நேர்முகத்துக்கு இத்தனை வருசம் கழித்து இப்போதுதான் ஒரு திகதி தந்திருந்தார்கள்.

சனிக்கிழமை பவளராணியின் துண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். மதுரா வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாப்பா இது? பழைய கோமிக்கா?"

"ம்."

அவள் துண்டுகளை எடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். பிறகு இரண்டை ஒரு பக்கமும் நாலை மறுபக்கமும் வைத்தாள்.

"இந்த ரெண்டும் ஆளை நேர்ல பார்த்து வரைஞ்சிருக்காங்க. இந்த நாலும் பார்க்காமலே வரைஞ்சது. ஒரே மூஞ்சியைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க பாருங்க. யாருப்பா வரைஞ்சா?"

அவளுக்குச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சாந்தி அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவவுக்கும் பாதிதான் தெரியும். முடிந்த பிறகு மதுரா, "அந்த ஆன்டிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

5

மேருவில் பவளராணி வேறு மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறார். அன்று மற்றவர்கள் பாசார் சந்தைக்குப் போயிருந்தார்கள். தேத்தண்ணி வைத்துத் தந்தார். பெருப்பித்த படத்தை எதிர்பார்த்து என் பையையே பார்த்தார்.

தாயைப் பற்றிச் சொன்னார். எழுபத்தெட்டு வயது. கண் பார்வை குறைந்துகொண்டு போகிறது. வவுனியாவில் இன்னொரு மகள் இருந்தும், எரிந்து திருத்திய வீட்டை விட்டு அசையமாட்டேன் என்கிறா. தம்பி வந்தால் ஆளில்லாத வீடாக இருக்கக்கூடாதாம். "இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தினையோ பேர் சொல்லிப்போட்டினம். 'நடந்து போனவனுக்கு ஏன் சான்றிதழ்? பேப்பரில பாத்தனாங்கள்தானே' எண்டு அம்மா சண்டை பிடிப்பா."

"தங்கச்சி, அந்தப் படத்தைக் கீறினது நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் மறக்கமாட்டேன். "நீங்களோ அண்ணை? அப்ப உங்களுக்குத் தெரியுமே அவன் எங்க போனவன் எண்டு?"

"அவன் போகேல்லை. அந்த வாசலைத் தாண்டவேயில்லை."

சொன்னேன். கட்டில், காய்ச்சல், வெள்ளிக்கிழமை. அவர் எழும்பிப் போய்ச் சோறு வேகும் மின்அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார். வந்து, "எப்பிடிக் காய்ச்சல் வந்தது?" என்று கேட்டார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வழி முழுக்க விட்டுவிடத்தான் நினைத்து வந்தேன். அவன் எழும்பி நிற்கப் பார்த்து விழுந்ததையும், அவன் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

பவளராணி நான் திருப்பிக் கொண்டுவந்திருந்த கோப்பைத் திறந்து ஆறு துண்டையும் தரையில் வைத்தார். "எது அவன் இருக்கேக்க கீறினது?"

காட்டினேன். இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்ற நாலையும் கையால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இதைக் கொண்டு போங்கோ. இது என்ர தம்பி இல்லை."

அழவில்லை. என்னை ஏசவுமில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கதவுக்குள் நின்றபடி சொன்னார்: "அம்மா எழுபது வயசிலயும் அந்தக் கேற்றைப் பூட்டாமப் படுத்தவ அண்ணை. இப்பவும் பூட்டுறேல்லை. நீங்கள் அதையும் அறிஞ்சு வைச்சிருங்கோ."

6

மூன்று நாள் கழித்து அவரே கைபேசியில் அழைத்தார். வாயால் சொன்னால் தாய் நம்பமாட்டா. நான் எழுதித் தரவேண்டும். முழுப் பெயரும் கையெழுத்தும் போட்ட சத்தியக் கடதாசி. அந்தப் பத்திரிகையில் இன்ன வேலை செய்தேன், இன்னாரைக் கீறினேன், அவர் இறந்த பிறகும் கீறினேன் என்று.

"அது இருந்தால்தான் சான்றிதழுக்கும் குடுக்கலாம். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. இனி இழுக்க வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கதைத்தோம். சாந்தி, "உங்கட இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மதுராதான் வெடித்தாள்.

"சைன் பண்ணிட்டா ஒரு நாள் நம்ம கேஸ்லயும் வரும்ல? அப்புறம் நீங்க சொன்னது எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. எனக்குப் பதினேழு வயசாச்சுப்பா. இங்க காலேஜும் இல்ல, வேலையும் இல்ல. நான் என்னா பண்றது?"

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. இதற்குமுன் ஒருமுறை எல்லோரும் நல்லதென்று சொன்ன காரணத்துக்காக நான் சும்மா இருந்தவன் என்பதை மட்டும் சொன்னேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் தமிழில் எழுதிய கடதாசி மேசையில் இல்லை. மதுரா அதை வைத்துக்கொண்டு மலாயில் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே கோபமாகத்தான் இருந்தது.

"இங்க சத்தியம் வாங்கறவருக்குத் தமிழ் தெரியாதுல்ல? நீங்க மலாய்ல எழுதினா சிரிப்பாங்க."

'அவர் இறந்த பிறகும்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. "அஞ்சு வாரமா, அஞ்சு படமா, எப்படிப் போடட்டும்?"

"ரெண்டும் போடு."

கிள்ளானில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில் சத்தியம் செய்தேன். அங்கிருந்த மலாய்க்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, அந்த நேரம் என்ன தொழில் என்று வாயாலும் கேட்டார். மதுரா என்னைப் பார்த்தாள். பத்திரிகையில் படம் கீறுகிறவன் என்று நானே சொன்னேன். முத்திரை விழுந்தது.

அடுத்த கிழமை எங்கள் அகதிக் கோப்பைப் பார்க்கும் அலுவலகத்துக்கும் நானே போய், முன்பு சொல்லாமல் மறைத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நேர்முகத் திகதி ரத்தாகிவிட்டது. புதுத் திகதி பிறகு அறிவிப்பார்களாம். எப்போது, தருவார்களா என்பது தெரியாது. மதுரா இப்போது என்னோடு கதைக்கிறாள், ஆனால் கணக்காகத்தான். தான் வரைவதை எனக்குக் காட்டுவதில்லை.

7

முந்தநாள் வேலை முடிந்து கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்கு நின்றபோது பவளராணி அழைத்தார். கூட்டத்தின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

வவுனியாத் தங்கை, மலாய்ச் சத்தியக் கடதாசியோடு இணைத்திருந்த என் தமிழ்க் கடதாசியைக் கொண்டுபோய்த் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறா. தாய் மூன்று தரம் வாசிக்கச் சொன்னாவாம். பிறகு முற்றத்தில் போய் இருந்தாவாம். சான்றிதழுக்குப் பெருவிரல் வைத்துக் கொடுத்துவிட்டா. வீட்டை விட்டு வருவாவா என்பது இன்னும் சொல்லவில்லை.

"அம்மா உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவ."

"கேளுங்கோ தங்கச்சி."

"கடைசியா நீங்கள் கண்ட அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ எண்டு."

ரயில் வந்து நின்றது. ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஓம், சோறும் பருப்பும் சாப்பிட்டவன், இன்னும் வேணுமெண்டு கேட்டவன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்தக் கட்டம் முழுதாக என் கண்ணுக்குள் வந்துவிட்டது. சோற்றுக் கோப்பை, அவன் இடது கை, உடைந்த பல். எவ்வளவு சுலபமாக வருகிறது.

"தெரியாது தங்கச்சி. நான் அதைக் கவனிக்கேல்லை."

கதவு மூடி, நான் ஏறவேண்டிய ரயில் போய்விட்டது.

"சரி அண்ணை," என்றார் பவளராணி. "அம்மாட்ட அப்பிடியே சொல்லுறன்."